மாறாததை இணைப்பது எப்படி?

பைத்தான் படிக்க ஆரம்பித்த மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: "டப்பிளை மாற்ற முடியுமா?" "முடியாது!" என்று உடனே பதில் வரும். "அப்படியானால் (1, 2, 3) என்ற டப்பிளோடு (4, 5)-ஐச் சேர்க்க முடிகிறதே, அது எப்படி?" என்று அடுத்துக் கேட்டால் பலரும் விழிப்பார்கள்.

இதில் மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. டப்பிள் மாறாதது என்று ஒரு நாள் சொல்கிறார்கள். கூட்டல் குறி போட்டு இணைக்கலாம் என்று மறுநாள் சொல்கிறார்கள். நடுவில் சொல்லவேண்டிய ஒரு வரி விட்டுப்போகிறது. இணைக்கும்போது பழைய டப்பிள்கள் இரண்டும் அப்படியேதான் இருக்கும். புதிதாக மூன்றாவது ஒன்று உருவாகும். அவ்வளவுதான் விஷயம்!

இதைப் புரியவைக்க மூன்று வரி போதும். பைத்தான் 3-ல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் அப்படியே ஓட்டிப் பார்க்கலாம்:

அ = (1, 2, 3)
ஆ = அ
அ += (4,)

இப்போது அ என்பது (1, 2, 3, 4). ஆ மட்டும் பழைய (1, 2, 3)-ஆகவே இருக்கும். அ என்ற பெயர்ப்பலகையைக் கழற்றிப் புது வீட்டில் மாட்டியாயிற்று. பழைய வீட்டில் ஒரு செங்கல்கூட நகரவில்லை. அடைப்புகளைச் சதுரமாக்கி இதையே பட்டியலாக எழுதினால் கதை வேறு. ஆ-வும் சேர்ந்து மாறிவிடும்!

(4,)-ல் உள்ள கமாவையும் கவனிக்கவேண்டும். அது இல்லாவிட்டால் அது வெறும் எண் 4. டப்பிளோடு எண்ணை இணைக்க பைத்தான் மறுத்துவிடும்.

"மார்க் வந்தால் போதாதா, இதெல்லாம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். காலி டப்பிளில் தொடங்கி, லூப்பில் ஒவ்வொன்றாக 1000 எண்களைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் அதுவரை சேர்ந்த அத்தனையும் புதிய டப்பிளுக்கு நகலாகிறது. 1+2+3 என்று 1000 வரை கூட்டினால் சுமார் 5 லட்சம் நகல்கள்! பட்டியலில் சேர்த்துவிட்டுக் கடைசியில் ஒரே தடவை டப்பிளாக மாற்றினால் இந்த வீண்வேலை இல்லை.

தேர்வில் "அ-வின் மதிப்பு என்ன?" என்று கேட்பதோடு நிறுத்தக்கூடாது. "ஆ-வின் மதிப்பு என்ன, ஏன்?" என்றும் கேட்கவேண்டும். முதல் கேள்விக்கு மனப்பாடம் போதும். இரண்டாவதற்குப் புரிந்திருக்க வேண்டும்.