ஆலை போனது, ஊர் இருக்கிறது

அர்ஜென்டினாவுக்குத் தம்பதியாகப் போகிறவர்களுக்குப் பயண முகவர்கள் போட்டுத் தரும் பட்டியலில் டாங்கோ நடனமும் இகுவாசு அருவியும் தவறாமல் இருக்கும், பெரிஸ்ஸோ என்ற ஊர் இருக்காது. அங்கே போகத் தலைநகரிலிருந்து லா பிளாட்டா வரை ஒரு பேருந்து, அங்கிருந்து இன்னொன்று. நானும் மனைவியும் அப்படித்தான் போய்வந்தோம். அந்த நாட்டு அரசியலைப் புரிந்துகொள்ள இந்த ஊரே போதும் என்றே சொல்வேன்.

பெரிஸ்ஸோவில் பார்க்க வேண்டியது நியூயார்க் தெரு. ஸ்விஃப்ட், ஆர்மர் என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்களின் இறைச்சி ஆலைகளை ஒட்டி வளர்ந்த தெரு அது. மாட்டிறைச்சியை உறையவைத்தும் டின்னில் அடைத்தும் பிரிட்டனுக்குக் கப்பலேற்றிய ஆலைகள் அவை. உக்ரைன், லிதுவேனியா, சிரியா என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் அங்கே வேலை செய்தார்கள், பெண்களும் ஏராளம். தகர வீடுகளில் இடம் போதாமல், ஒருவர் ஷிஃப்டுக்கு எழுந்து போனதும் அதே கட்டிலில் அடுத்தவர் வந்து படுத்தார்.

1945 அக்டோபர் 17 அன்று, சிறைவைக்கப்பட்ட, தொழிலாளர் ஆதரவு பெற்ற ராணுவ அதிகாரி பெரோனை விடுவிக்கக் கோரித் தெருவில் இறங்கியவர்களில் இவ்வூர் இறைச்சித் தொழிலாளர்கள் முன்வரிசையில் நின்றார்கள். அன்றிரவே அவர் மக்கள் முன் பேசினார். அடுத்த பிப்ரவரியில் அதிபர் தேர்தலில் வென்றார். தொழிலாளர்களைத் திரட்டிய சிப்ரியானோ ரேய்ஸ் என்ன ஆனார்? அந்தத் தேர்தலில் பெரோனை நிறுத்திய தொழிலாளர் கட்சியைக் கலைக்க மறுத்துப் பெரோனோடு முரண்பட்டார். 1948-ல் கைதானவர், 1955-ல் பெரோன் வீழ்ந்த பிறகே வெளியே வந்தார். பெரோனைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பின்பாதியையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

ஆர்மர் 1969-லும் ஸ்விஃப்ட் 1983-லும் மூடப்பட்டன. வெளிநாட்டு முதலுக்கு லாபம் வற்றியதும் ஊரில் வேலை இல்லை. மிஞ்சியவற்றில் பெரியவை, பக்கத்திலுள்ள அரசு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் கப்பல் கட்டும் தளமும். 1990-களில் அதிபர் மெனெமின் அரசு, அந்தச் சுத்திகரிப்பு ஆலையை நடத்திய ஒய்.பி.எஃப். எண்ணெய் நிறுவனத்தை விற்றது. நாடெங்கும் பல்லாயிரம் பேர் வேலையிழந்தார்கள். 2012-ல் 51 சதவீதப் பங்கை அரசே திரும்ப எடுத்துக்கொண்டது. கப்பல் தளத்தைத் தொழிலாளர்கள் போராடிக் காப்பாற்றினார்கள். அது மாகாண அரசின் கைக்குப் போனது.

அரசு நிறுவனம் என்றாலே புனிதம் என்று நான் வாதாடவில்லை. வெனிசுலாவுக்காகக் கட்டி 2012-ல் நீரில் இறக்கிய எண்ணெய்க் கப்பல், பத்தாண்டு கடந்தும் ஒப்படைக்கப்படாமல் இதே தளத்தில் கிடந்தது. அதிபர் மிலெய் போன்றவர்களுக்கு இதைவிட வசதியான சாட்சி கிடைக்காது. தனியாரிடம் போகக்கூடியதெல்லாம் போகும் என்று 2023 நவம்பரில் தேர்தலில் வென்ற கையோடு அவர் அறிவித்தார்; ஒய்.பி.எஃப்.பும் அதில் அடக்கம்.

பெரிஸ்ஸோ இன்று மாகாணத்தின் ‘குடியேறியோர் தலைநகர்’. ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் விழா ஷிஃப்டுச் சம்பளம் தராது. விற்றே தீருவேன் என்கிற அரசு, வேலையிழப்பவர்களுக்கு அதே ஊரில் என்ன வேலை என்பதையும் விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். அதுவரை பெரிஸ்ஸோக்காரர்கள் கையெழுத்துப் போடக்கூடாது.