அலட்சியம் யாருடையது?

"மாத்திரையை ஒழுங்காகப் போட மாட்டார்கள், சொன்னாலும் கேட்க மாட்டார்கள், படிப்பறிவில்லாத சனம்." கிராமத்து ஏழைகளுக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் அடங்காததற்கு, விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் காரணம் இது. நோயாளி மேல் பழியைப் போட்டுவிட்டால் வேறு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

2020இல் தமிழகத்தில் தொற்றா நோய்கள் பற்றி எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் 7.3% பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. நகரத்தாரும் படித்தவர்களும் சேர்ந்த கணக்கு இது. மற்ற எல்லோருமா எழுத்தறியாதவர்கள்?

"மாத்திரைதான் இலவசமாயிற்றே" என்பார்கள். மாத்திரை இலவசம், அதை வாங்கப் போகும் நாள் இலவசமில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டுப் போடும் காலை நேரம்தான் களையெடுப்புக்கும் நூறு நாள் வேலைக்கும் ஆள் கிளம்பும் நேரம். பஸ்ஸைப் பிடித்து, வரிசையில் நின்று திரும்பினால் அன்றைய கூலி போச்சு. வலியே காட்டாத ஒரு நோய்க்காக ஆயுள் முழுக்க மாதம் ஒரு நாள் கூலியை விடச் சொல்கிறோம். மாதச் சம்பளக்காரர்களில் எத்தனை பேர் விடுவார்கள்?

சீனாவில் 326 கிராமங்களில் ரத்தக்கொதிப்பு பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களில், பயிற்சி பெற்ற கிராம வைத்தியர்களே ரத்த அழுத்தம் பார்த்து, வகுத்த முறைப்படி மருந்தைக் கூட்டிக் குறைத்தார்கள். மருந்துச் செலவும் குறைக்கப்பட்டது. பதினெட்டு மாதத்தில் அங்கே 57% பேருக்கு அழுத்தம் 130/80க்குக் கீழே வந்தது. வழக்கமான சிகிச்சை தொடர்ந்த கிராமங்களில் 19.9% பேருக்கே வந்தது. இரு பக்கமும் அதே மாதிரி விவசாயிகள்தான். மாறியது ஏற்பாடு.

இங்கும் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. சுய உதவிக் குழுப் பெண்கள் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். தலைசுற்றல் நின்றதும் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டுதான். அவர்களைத் திருப்ப, தெரிந்த முகம் ஒன்று மாதந்தோறும் வாசலில் வந்து கேட்க வேண்டும். ஆனால் அந்தப் பெண்களுக்கு 'தன்னார்வலர்' என்று பெயர் சூட்டி, சொற்பத் தொகையை ஊக்கத்தொகையாகக் கொடுக்கிறோம். நிரந்தர நோய்க்குத் தற்காலிக ஊழியம்!

அவர்களுக்கு முறையான சம்பளம் கொடுங்கள். மாத்திரை தீருமுன் அடுத்த மாத்திரை வீடு சேரட்டும். அதன் பிறகும் நோய் அடங்காவிட்டால் ஏழையின் அலட்சியத்தைப் பற்றிப் பேசலாம். அதுவரை அந்தச் சொல் அரசுக்குத்தான் பொருந்தும்.