வீடே பள்ளியானால்?
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

ஊரை விட்டு ஒதுங்கிய ஒரு சிறு பண்ணை. மரத்தால் கட்டிய வீடு. முன்னே காய்கறித் தோட்டம். பின்னே கோழிக்கூடும் சில ஆடுகளும். தாய் ரொட்டி சுடுகிறாள். தந்தை மரம் இழைக்கிறார். பிள்ளைகள் ஆட்டு உரோமத்தை நூலாகத் திரித்து, வெங்காயத் தோலில் சாயமேற்றி, தமக்கு வேண்டிய தொப்பியைத் தாமே பின்னிக்கொள்கின்றனர். அவர்கள் பள்ளிக்குச் செல்வதில்லை. தாயே ஆசிரியை, சமையலறை மேசையே வகுப்பறை. அமெரிக்க நாட்டில் இத்தகைய வாழ்வை விரும்பித் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் பல உள்ளன. 'வால்டார்ஃப்' கல்விமுறையே எங்களுக்கு வழிகாட்டி என்று அவர்களுள் சிலர் கூறுகின்றனர்.

இக்காட்சியைக் கண்டு மயங்காதார் யார்? மனப்பாடத்திலும் மதிப்பெண்ணிலும் பிள்ளைப் பருவத்தைத் தொலைத்துவிட்டு வந்த நாம் மயங்குவதில் வியப்பில்லை. நானும் மயங்கினேன். மயக்கம் தெளிந்தபின் என் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. அதனை இம்மலரின் வாயிலாக மாணவ நண்பர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

முதலில் வால்டார்ஃப் கல்வி பிறந்த கதையைப் பார்ப்போம். முதல் உலகப் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், 1919 செப்டம்பரில், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் அம்முறையின் முதல் பள்ளி திறக்கப்பட்டது. வால்டார்ஃப்-அஸ்டோரியா என்னும் சிகரெட் ஆலையை நடத்திவந்த எமில் மோல்ட், தம் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி வேண்டும் என்று விரும்பினார். ருடால்ஃப் ஸ்டைனர் என்னும் ஆஸ்திரிய அறிஞர் அதற்கு வடிவம் தந்தார். அங்கே ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்ந்து கம்பளி பின்னக் கற்றனர். காலை வேளையில் ஒரே பாடத்தைச் சில வாரங்கள் தொடர்ந்து படித்தனர். தம் பாடநூலைத் தாமே எழுதி, தாமே வண்ணம் தீட்டினர். முதல் வகுப்பிலிருந்தே அயல்மொழிகளும் கற்பிக்கப்பட்டன. 1938இல் நாஜி ஆட்சியில் அப்பள்ளி மூடப்பட்டது. ஆனால் அம்முறை அழியவில்லை. இன்று உலகெங்கும் அத்தகைய பள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. ஸ்டைனரின் ஆன்மிகக் கொள்கைகள் அறிவியல் மாணவனான எனக்கு உடன்பாடல்ல. எனினும் கையும் கண்ணும் பழகினால் அறிவு வளரும் என்ற அவர் கருத்தை யாரே மறுப்பர்?

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. சிகரெட் ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்கு அப்பள்ளி சிகரெட் சுற்றக் கற்பிக்கவில்லை! தந்தை அறியாத மொழிகளையும் கலைகளையும் கற்பித்தது. அங்கே கைத்தொழில் பிழைப்புக்கான பயிற்சியாக இல்லாமல் மனத்தை விரிவாக்கும் பயிற்சியாக இருந்தது. மேலும், அது பள்ளி, வீடு அன்று. அம்முறையைப் பெற்றெடுத்த ஜெர்மனியில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்க இன்றும் சட்டம் இடந்தருவதில்லை.

அமெரிக்காவின் நிலை வேறு. 1993க்குள் அங்குள்ள ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டத்திற்கு உட்பட்டதாயிற்று. பள்ளியின் கெடுபிடியில் வாடிய பிள்ளைகள் வீட்டில் தழைத்ததும் உண்டு. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் அவ்வாழ்வைத் தேர்ந்தவர்கள் யார்? அந்நாட்டில் எளிய பண்ணை வாழ்வுக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்படும் ஸ்காட் நியரிங்கை எடுத்துக்கொள்வோம். அவர் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்தவர். 1932இல் துணைவி ஹெலனுடன் வெர்மான்ட் மாநிலத்தில் நிலம் வாங்கிக் குடியேறி, கல் வீடு கட்டி, உழுது உண்டு வாழ்ந்தார். போற்றத்தக்க வாழ்வுதான். எனினும் அவர் கற்றறிந்தபின் ஏரைப் பிடித்தார். ஏரைத் தவிர வேறொன்றையும் அறியாதவன் அதனைப் பிடிப்பதும், எல்லாம் அறிந்தவன் பிடிப்பதும் ஒன்றாகுமா? உண்டவன் நோன்பு இருப்பது விரதம். உணவில்லாதவன் இருப்பது பட்டினி அன்றோ?

1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிவாயிற்று. எட்டாம் வகுப்புக்கு மேல் எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம் என்று ஆமிஷ் சமயத்துப் பெற்றோர் வாதிட்டனர். பண்ணை வேலையும் வீட்டுத் தொழிலும் போதும் என்பது அவர்கள் கருத்து. தீர்ப்பு பெற்றோர் பக்கமே அமைந்தது. ஆனால் டக்ளஸ் என்னும் நீதிபதி ஓரளவு மாறுபட்டார். பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டாமா என்பது அவர் எழுப்பிய கேள்வி. என் கேள்வியும் அதுவே.

ஏன் எனில், என் வீட்டில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. எங்கள் வீடு நெசவாளர் வீடு. குழித்தறி கிடக்கும் இடம் போக மீதியே நாங்கள் வாழும் இடம். என் அக்கா எட்டாம் வகுப்புடன் நின்றாள். காரணம் எளிது: தார் சுற்ற ஆள் வேண்டும்; தம்பி படிக்க வேண்டும். விடியலில் ராட்டையின் முன் அமர்வாள். நான் கல்லூரியிலிருந்து திரும்பும்போதும் அங்கேயே இருப்பாள். கரையில் எத்தனை இழைக்கு ஒருமுறை வண்ணம் மாற வேண்டும் என்பதைத் தாளில்லாமல், பேனா இல்லாமல் கணக்கிடுவாள். வீட்டில் கைத்தொழில் கற்றவள்தான் அவளும். ஆனால் அதற்கு வீட்டுக்கல்வி என்று எவரும் பெயர் சூட்டவில்லை. அவளைப் பாராட்டி எவரும் எழுதவுமில்லை.

நம் நாட்டு வரலாறும் இதற்குச் சான்று. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தார். 1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி அரசு, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. இரண்டு முறையாகப் பள்ளி நடத்தினால் மேலும் பலர் படிக்கலாம் என்பது அரசின் வாதம். ஆனால் குடிமகனின் வீடும் கொல்லனின் வீடும் கற்பிப்பது குலத் தொழிலைத்தானே? அதனால்தான் பெரியார் அதனைக் குலக்கல்வி என்று சாடினார். 1954இல் காமராசர் முதல்வரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. அது நின்றதால்தான் என் போன்றோர் இக்கல்லூரி வாயிலை மிதித்தோம்.

ஆகவே கைத்தொழில் வேண்டாம் என்பதா என் முடிவு? இல்லை. பிள்ளையை வீட்டிற்குத் திருப்பி அனுப்பாமல், தறியைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே என் முடிவு. பின்லாந்து 1866லேயே கைவினையைப் பள்ளிப் பாடமாக்கியது. அங்ஙனம் இங்கும் மருத்துவர் வீட்டுப் பிள்ளை பாவு பிணைக்கட்டும். நெசவாளர் வீட்டுப் பிள்ளை தூரிகை பிடிக்கட்டும். அப்போதுதான் கைத்தொழிலுக்கு மதிப்பு வரும். அதன்மேல் படிந்த சாதிக் கறையும் நீங்கும். 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை கட்டாயக் கல்வி என்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்கிறது. அந்தச் சிறு கதவின் வழியாக எத்தனை அக்காமார்கள் ராட்டைக்குத் திரும்புவரோ என்று நான் அஞ்சுகிறேன்.

இவ்வாண்டு என் அக்கா பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத இசைந்திருக்கிறாள். இரவு உணவுக்குப் பின் தறியருகே அமர்ந்து நான் கணக்குச் சொல்லித் தருகிறேன். விகிதமும் பின்னமும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதேயில்லை. அவற்றின் பெயரை மட்டும்தான் சொல்லித் தருகிறேன். எங்கள் வீடும் இப்போது பள்ளிதான். ஆனால் இம்முறை, படிக்கிறாயா என்று அவளைக் கேட்டுவிட்டுத் தொடங்கிய பள்ளி.

நண்பர்களே! நம்முள் பலர் நம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். நமக்காகப் படிப்பை விட்ட ஒருவர் நம் வீட்டில் இருக்கக்கூடும். இன்று மாலை வீடு திரும்பியதும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்போமாக!