இருளை இருளாகவே விடுவோம்

ஒளியால் வரையும் கலை ஒளிப்படக் கலை என்பர். எனினும், ஒளியின் அருமையை அக்கலைஞனுக்குக் கற்பிப்பது இருளே என்பது நம் கருத்து. உறக்கம் வாராத இரவுகளில் நாம் பெற்ற பாடம் இது.

நம் தாயார் நோயுற்றுக் கிடந்த மாதங்களில் இரவின் பெரும்பகுதி நமக்கு விழிப்பிலேயே கழிந்தது. நூல் படிக்க விளக்கேற்றினால் அவர்தம் உறக்கம் கெடும். எனவே, விடிவிளக்கின் மங்கிய ஒளியில் கண்டவற்றைக் கைப்பேசியால் படம் பிடிக்கத் தொடங்கினோம். முதல் நாள், தஸ்பீஹ் மணியோடு போர்வைமேல் கிடந்த அவர் கையை எடுத்தோம். படத்தில் அறை பட்டப்பகல்போல் விளங்கிற்று. கை இருந்தது, இரவு இல்லை!

காரணம் வியப்பிற்குரியதன்று. எக்காட்சியையும் இடைநிலைச் சாம்பல் நிற அளவிற்கு வெளிச்சப்படுத்தவே கருவி முனைகின்றது. 2018ஆம் ஆண்டு முதல் கைப்பேசிகளில் பரவிய இரவுப் பயன்முறையோ, அடுத்தடுத்து எடுத்த பல படங்களை ஒன்றாக்கிக் கண்ணுக்குப் புலனாகாதவற்றையும் காட்டிவிடுகின்றது. செய்திக்கு இது உதவலாம், உணர்வுக்கு உதவாது.

இருண்ட படம் பிழையான படம் என்பார் உளர். அவர்கள் செக் நாட்டுக் கலைஞர் யோசெப் சூடெக்கை நினைவுகூர்தல் வேண்டும். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த அவர், 1940 முதல் 1954 வரை பிராக் நகரிலுள்ள தம் பணிக்கூடத்துச் சன்னலையே மீண்டும் மீண்டும் படமாக்கினார். நீராவி படிந்த கண்ணாடியும் அதற்கப்பால் மங்கிய மரமுமே அவருக்குப் போதுமாயிருந்தன. நாஜிகளின் பிடியில் நகரம் இருந்த காலத்தில் தொடங்கிய அப்படங்களில், காட்டப்படாதவையும் பேசுகின்றன அன்றோ?

ஆதலின் மாணவச் செல்வங்களே, இரவுப் பயன்முறையை நிறுத்துங்கள். வெளிச்ச அளவை ஓரிரு படிகள் குறையுங்கள். கை நடுக்கம் படத்தைக் கலைக்குமாதலால், கருவியை நூலடுக்கின்மேல் சாய்த்து வைத்து, மூன்று நொடி கழித்துப் படம் எடுக்குமாறு அமையுங்கள். படத்தில் தோன்றும் சிறு புள்ளிகளுக்கு அஞ்ச வேண்டா.

அவ்வாறே நாமும் பின்னர் ஒரு படம் எடுத்தோம். முதற்படத்தில் போர்வையின் பூவேலைகூடத் தெளிவாயுள்ளது. பிற்படத்திலோ மூன்று மணிகளும் ஒரு விரலும் மட்டுமே தெரிகின்றன, எஞ்சியதெல்லாம் இருள்.

தாயார் இன்று இல்லை. நாம் எடுத்துப் பார்ப்பது பிற்படத்தையே.