ஊசியும் உடலின் எச்சரிக்கையும்



பிள்ளைகளை மத்ரஸாவில் விட வரும் தாய்மார் அண்மைக்காலமாக நம்மிடம் கேட்கும் கேள்விகள் இரண்டு: "ஹஜ்ரத், அக்குபங்சர் செய்தால் வலிக்குமா? நோன்பு முறியுமா?" நாம் மருத்துவர் அல்லோம். எனினும் முதுகுவலிக்காகச் சிலமுறை அச்சிகிச்சையைப் பெற்றிருக்கிறோம். ஆதலால் அறிந்ததைச் சொல்கிறோம்.

அக்குபங்சர் ஊசி, மருந்தேற்றும் ஊசியினும் மெல்லியது, துளையற்றது. குத்தும் கணத்தில் எறும்பு கடித்தாற்போல் ஒரு சுருக்கு. பின்னர் அவ்விடத்தில் கனமும் மந்தமான வலியும் மதமதப்பும் தோன்றும். சீன மருத்துவத்தில் இதனைத் 'தே சீ' என்பர். சிகிச்சை பற்றிக்கொண்டதன் அடையாளமாகக் கருதுவர். ஊசிகள் பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடங்கள் வரை உடலில் இருக்கும். அப்போது சிலருக்கு உறக்கம் வரும். ஊசியை எடுத்தபின் ஒரு துளி இரத்தமோ, சிறு கன்றலோ, அயர்ச்சியோ ஏற்படலாம். இவை தாமே நீங்கிவிடும்.

ஊசி வழியே உணவோ மருந்தோ உட்செல்வதில்லை. ஆகவே நோன்பு முறியாது என்பது இக்கால ஆலிம்கள் பலரின் கருத்து. ஆயினும் வெறும் வயிற்றில் ஊசி ஏற்போருக்குத் தலைசுற்றி மயக்கம் வருவதுண்டு. ரமளானில் இஃப்தாருக்குப் பின் செல்வதே நலம். இரத்தம் வழிந்தோடினால் ஹனஃபி மத்ஹபின்படி உளூ முறியும். ஷாஃபிஈ மத்ஹபின்படி முறியாது.

ஊசியைவிட நம்மைக் கவலையுறச் செய்வது ஒரு சொல். எந்தத் தொல்லை வந்தாலும் "கழிவு வெளியேறுகிறது" என்று சொல்லிவிடுகின்றனர். நாம் அறிந்த பெரியவர் ஒருவர் அதை நம்பிச் சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தினார். தாகமும் சோர்வும் மிகுந்தபோதும் அவருக்கு அதே பதில்தான் கிடைத்தது. காலிலிருந்த சிறு புண் முற்றி, ஒரு விரலை அகற்ற நேர்ந்த பின்னரே அவர் மாத்திரைக்குத் திரும்பினார்.

ஊசியிட்ட இடம் சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ, மயக்கம் தெளியாவிட்டாலோ மருத்துவரை நாடுங்கள். மார்பிலோ மேல்முதுகிலோ ஊசியிட்டபின் மூச்சுத் திணறினால் ஒரு கணமும் தாமதிக்காதீர்கள்; அரிதாக ஊசி நுரையீரலைத் துளைத்துவிடுவதுண்டு. ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் ஊசியின் உறை உங்கள் கண்முன்னே பிரிக்கப்படட்டும். கருவுற்றிருப்போரும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்வோரும் அதனை முன்னரே தெரிவிக்க வேண்டும்.

நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அக்குபங்சரை நாடுவோர் நாடட்டும். ஆனால் மருத்துவரைக் கேளாமல் ஒரு மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அது தரும் எச்சரிக்கையைச் செவிமடுப்பதும் அவ்வமானிதத்தைப் பேணுவதே.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.