புற்று நிற்கும் இடமே பூங்காவாகட்டும்

மனைப்பிரிவு போட நிலம் கைமாறியதும் முதலில் வந்து நிற்பது பொக்லைன். முள்ளும் புதரும் வேலியோரப் பட்ட மரமும் கறையான் புற்றும் ஒரே நாளில் தரைமட்டமாகின்றன. சென்னை, கோவை, மதுரை என எந்த நகரின் புறத்திலும் இதுவே வழக்கமாகிவிட்டது. இடிமழைக்குப் பின் அந்தப் புற்றில் கொத்தாகப் பூத்த காளானும் அன்றோடு முடிந்துபோகிறது.

புற்றுக்காளானைச் சுற்றி மண்ணை மெல்லப் பறித்தால், அதன் தண்டு வேர்போல நீண்டு ஆழத்துக்கு இறங்குவது தெரியும். அது போய்ச் சேருமிடம், கறையான்கள் இலையும் மரத்துகளும் சுமந்துவந்து வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம். ஒன்றில்லாமல் மற்றொன்று வாழாது. இந்தக் காளானை வணிக அளவில் பண்ணையில் வளர்க்க இன்றுவரை வழியில்லை.

'காளான்தான் கடையில் கிடைக்கிறதே' என்று கேட்கலாம். இன்று விற்கும் பால் காளானே மேற்கு வங்கத்தில் தானாக முளைத்துக் கிடந்து, 1974-இல் ஆய்வாளர்களால் விவரிக்கப்பட்டதுதான். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் அதில் ஏபிகே-2 ரகத்தை வெளியிட்டது 1998-இல். நாளைய பயிர்களுக்கான விதை காட்டிலும் மேட்டிலும்தான் இருக்கிறது.

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஐயுசிஎன் 2025 மார்ச்சில் வெளியிட்ட சிவப்புப் பட்டியலில், மதிப்பிடப்பட்ட 1,300 பூஞ்சை இனங்களில் குறைந்தது 411 அழியும் ஆபத்தில் உள்ளன. வேளாண் நிலமும் நகரமும் விரிவதால் மட்டும் 279 இனங்களுக்கு ஆபத்து.

நகரத்திலும் காளான் முளைக்கத்தான் செய்கிறது. ஆனால் பட்ட மரம், சருகு, புற்று என ஒவ்வொன்றை நம்பி வாழ்ந்த வகைகள் போய், எங்கும் பிழைக்கும் சில வகைகளே மிஞ்சுகின்றன. புல்தரையில் வெள்ளைக் குடையாக விரியும் பச்சை வித்துக் காளான் அவற்றில் ஒன்று. தின்றால் கடும் வாந்தியும் பேதியும் வரும்.

தமிழ்நாட்டு விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலாக 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கியாக வேண்டும். அந்த ஒதுக்கீட்டைப் புற்றும் பழைய மரங்களும் நிற்கும் பகுதியிலேயே செய்யச் சொல்ல வேண்டும். அங்கே இயந்திரம் இறங்கக் கூடாது. பேவர் பிளாக் பதிக்கக் கூடாது. விழுந்த கட்டையையும் சருகையும் அள்ளக் கூடாது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் இருக்க வேண்டிய பன்மை மேலாண்மைக் குழு, ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு அங்குள்ள காளான்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

புற்றிருந்தால் கறையானும் பாம்பும் வீட்டுக்கு வரும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்காகத்தான் வரைபடம் போடும்போதே வீட்டுக்கும் புற்றுக்கும் போதிய இடைவெளி விடச் சொல்கிறோம்.

இதற்குப் புதுச் சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை. அனுமதி ஆணையில் ஒரு நிபந்தனை கூடினால் போதும். நகர் ஊரமைப்பு இயக்ககமும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும் அடுத்த மழைக்காலத்துக்குள் அதைச் செய்ய வேண்டும்.