எண்ணெய்க் கசிவும் புதிய சீலும்

இறவைக்கு டீசல் எஞ்சின் வைத்திருக்கும் குடியானவர் பலர், கிராங்குத் தண்டு வெளிவரும் இடத்தில் எண்ணெய் கசியக் கண்டதும் புதிய சீலை வாங்கி மாட்டிவிட்டுத் திருப்தியடைகின்றனர். இது பாதி வைத்தியமேயாகும். எஞ்சினின் மூச்சுக்குழாயாகிய பிரீதர் அழுக்கால் அடைபட்டிருப்பின், உள்ளே அழுத்தம் மிகுந்து, புதிய சீலையும் மீறி எண்ணெய் வெளிவரும். பேரிங் தேய்ந்து தண்டு ஆடினும், பழைய சீலின் விளிம்பு உராய்ந்து தண்டில் பள்ளம் விழுந்திருப்பினும் கசிவு நில்லாது. ஆகையால் முதலில் பிரீதரைச் சுத்தம் செய்து, தண்டைச் சோதித்து, பழுதிருப்பின் சீர்செய்வித்தல் வேண்டும். பின்னரே, சீலின் விளிம்பு எண்ணெய்ப் பக்கம் நோக்குமாறு வைத்து, எண்ணெய் தடவிக் கோணாமல் பொருத்துதல் நலம். எண்ணெய் வற்றிப் பேரிங் இறுகிவிடின் நஷ்டம் சீலின் விலையோடு நில்லாது. தண்ணீரின்றிப் பயிரும் வாடும். ஆதலின் இச்சோதனையைக் குடியானவர் அசட்டை செய்யலாகாது.